சீனக்குடாவில் குடிமக்களுக்கும் விமானப் பயிற்சிக்கு இடம் கேட்டு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
சிறு விமானம் ஓட்டப் பழகுகிற, பழக விரும்புகிற திருகோணமலை மாவட்டத்தவர்கள் 11 பேர்

பெறுநர்:
பணிப்பாளர் நாயகம்,
இலங்கை சிவில் விமான சேவைகள் அதிகாரசபை,
கட்டுநாயக்க.

ஊடாக:
மாவட்டச் செயலாளர், திருகோணமலை.

பொருள்: தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்கான பயிற்சியைத் திருகோணமலையிலேயே பெற வழிசெய்து தருமாறு கோருதல்

மதிப்பிற்குரிய பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கு,

கீழே கையெழுத்திட்டிருக்கும் நாங்கள் அனைவரும் திருகோணமலை மாவட்டத்தில் வசிப்பவர்கள். எங்களில் ஒருவர் ஆசிரியர், இன்னொருவர் வங்கியில் வேலை செய்பவர், இருவர் உயர்தரம் எழுதி முடித்த பிள்ளைகள், ஒருவர் கிண்ணியாவில் படகு இயந்திரம் திருத்துபவர். மனுவை எழுதும் நான் ஒரு மருத்துவ ஆய்வுகூடத்தில் தொழில்நுட்பவியலாளர், வயது 31. சிறு விமானம் ஓட்டப் பழகி, அதற்கான தனியார் விமானி அனுமதிப்பத்திரத்தை முறைப்படி எடுக்க வேண்டும் என்ற ஆசைதான் எங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. அந்த அனுமதிப்பத்திரத்தை வைத்துச் சம்பளத்துக்குப் பறக்க முடியாது என்பது தங்களுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். பறக்க ஆசை, அவ்வளவுதான். அதை ஒரு அரச அலுவலகத்துக்கு எழுத நாங்கள் கூச்சப்படவில்லை.

பாலையூற்றில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நின்றால் சீனக்குடாவில் கிளம்பும் பயிற்சி விமானங்களின் சத்தம் கேட்கும். விமானப்படையின் பயிற்சிக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. சின்ன வயதில் இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தேன். சண்டைக் காலத்தில் அந்தச் சத்தம் வந்தால் அம்மா எங்களை உள்ளே கூப்பிடுவார். இப்போது என் தங்கையின் மகன் அதே சத்தத்துக்கு வெளியே ஓடுகிறான். ஆனால் அவன் வளர்ந்து, படையில் சேராமல், ஒரு சாதாரணக் குடிமகனாக விமானம் பழக வேண்டுமென்றால் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓடுபாதையை விட்டுவிட்டு கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள இரத்மலானை விமான நிலையத்துக்குத்தான் போக வேண்டும். நான் போனேன். அந்த அனுபவத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி தாருங்கள், ஏனென்றால் எங்கள் கோரிக்கை அதிலிருந்துதான் பிறந்தது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு இரவு ரயில் ஏறுவேன். கல்லோயாச் சந்தி தாண்டும்வரை நித்திரை வராது. விடியற்காலையில் கோட்டையில் இறங்கி, கரையோர ரயிலில் வெள்ளவத்தைக்குப் போய், சித்தி வீட்டில் முகம் கழுவி, இரத்மலானைக்கு ஓடுவேன். அங்கே முதல் வேலை விமானத்தைச் சுற்றிவந்து பார்ப்பது. சிறகின் அடியில் இருக்கும் வால்வில் ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையை அழுத்திப் பெற்றோல் எடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். விமானப் பெற்றோல் இளநீலமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் குமிழ் போலத் தனியாக நிற்கும். நாள் முழுக்க ஆய்வுகூடத்தில் குழாய்களைத் தூக்கிப் பார்க்கிற எனக்கு அந்த ஒரு நிமிடம் மிகவும் பிடிக்கும். கையில் அந்த மணம் திங்கட்கிழமை வரைக்கும் இருப்பதாகவே தோன்றும்.

ஆனால் எத்தனையோ சனிக்கிழமைகள் அந்தக் குவளையோடு முடிந்துபோயின. மழை. அல்லது தாழ்ந்த முகில். அல்லது விமானம் 50 மணித்தியாலப் பரிசோதனைக்காகக் கழற்றிப் போடப்பட்டிருக்கும், அதை எனக்கு யாரும் முதல் நாள் சொல்லியிருக்க மாட்டார்கள். பக்கத்தில் கல்கிசையில் இருந்து வருகிற பிள்ளைகள் "சரி, நாளைக்குப் பார்ப்போம்" என்று வீட்டுக்குப் போவார்கள். நான் மறுபடி இரவு ரயிலுக்குப் போவேன்.

ஒருநாள் என் பயிற்றுநர், மூன்று நல்ல இறக்கங்களுக்குப் பிறகு, "நங்கி (தங்கச்சி), அடுத்த கிழமையும் காற்று இப்படியே இருந்தால் நான் இறங்கிக்கொள்கிறேன், நீங்கள் தனியாக ஒரு சுற்றுப் போய் வாருங்கள்" என்றார். பழகுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய வார்த்தை இல்லை. அந்தக் கிழமை முழுவதும் வேலையிலும் என் கை எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ரொட்டிலைத் தள்ளிக்கொண்டே இருந்தது. அடுத்த சனிக்கிழமை மழை. அதற்கடுத்தது எனக்கு இரவு முறை. அப்புறம் விமானம் பரிசோதனையில். நான் மறுபடி ஏறியபோது 7 கிழமைகள் போய்விட்டன. முதல் இறக்கத்திலேயே ஓடுபாதைக்கு மேல் மிதந்துகொண்டு நின்றேன், இரண்டாவதில் துள்ளினேன். பயிற்றுநர் ஒன்றும் சொல்லவில்லை, இறங்கவும் இல்லை. அவர் செய்தது முற்றிலும் சரி. அன்று நான் கட்டிய பணம் முழுவதும் ஏற்கெனவே தெரிந்திருந்ததைத் திரும்பப் பழகுவதற்கே போனது.

ஐயா/அம்மணி, எங்கள் பிரச்சினை இதுதான். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் அனுமதிப்பத்திர விதிகளைச் சொல்லும் முதலாம் இணைப்பு, தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்குக் குறைந்தது 40 மணித்தியாலப் பறப்பைக் கேட்கிறது. அங்கீகரிக்கப்பட்ட பாடநெறியானால் 35. அதில் 10 மணித்தியாலம் தனியாகப் பறக்க வேண்டும். கிழமைக்கு இரண்டு தடவை பறக்கிறவருக்கு அந்த 40 போதுமாக இருக்கலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பறக்கிற எங்களுக்கு அது 60 ஆகும், 70 ஆகும். கை மறந்துபோவதற்கும் சேர்த்து நாங்கள் பணம் கட்டுகிறோம். விமானப் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் டொலரில் வருகின்றன. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு ஒரு மணித்தியாலத்துக்கான கட்டணம் சம்பளக்காரர் எட்டிப் பிடிக்க முடியாத இடத்துக்குப் போய்விட்டது. அதைக் குறைக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. வீணாகும் மணித்தியாலங்களை மட்டும் மிச்சப்படுத்தித் தாருங்கள் என்கிறோம்.

சீனக்குடா பயிற்சிக்குப் பொருத்தமான இடம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. விமானப்படையே அங்கேதான் பழக்குகிறது. இரண்டாம் உலகப் போரில் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது பிரித்தானிய விமானங்கள் எழும்பியது அந்த ஓடுபாதையில் இருந்துதான். அதன் முனைகளில் உள்ள இலக்கங்கள் 06, 24; திசைகாட்டியின் 60, 240 பாகைகளை அவை குறிக்கின்றன. அதாவது அது கிட்டத்தட்ட வடகிழக்கில் இருந்து தென்மேற்காகக் கிடக்கிறது. வடகிழக்கு வாடைக்காற்று வருகிற திசை ஒன்று, தென்மேற்குக் காற்றான கச்சான் வருகிற திசை மற்றது. எங்கள் ஊரின் இரண்டு காற்றுகளையும் எதிர்கொண்டு போட்ட பாதை. பழகுகிறவர்களை அதிகம் பயமுறுத்துவது பக்கவாட்டுக் காற்று என்பது தங்களுக்குத் தெரியும். கச்சான் பிற்பகலில் பலமாக அடிக்கும், அது உண்மை. ஆனால் விடியலில் இருந்து ஒன்பது, பத்து மணி வரைக்கும் கொட்டியாரக்குடா தட்டில் ஊற்றிய எண்ணெய் போலக் கிடக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டுகிறோம். மே, ஜூன் மாதங்களில் தென்மேற்குப் பருவமழை இரத்மலானையை நனைக்கும்போது திருகோணமலை வெயிலில் காய்கிறது. எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கித் தை வரைக்கும். அங்கே விமானங்கள் சும்மா நிற்கிற மாதங்கள்தான் எங்கள் நல்ல மாதங்கள். இரத்மலானையில் இருந்து சீனக்குடா நேர்கோட்டில் 240 கிலோமீற்றர் அளவுதான். செஸ்னா போன்ற ஒரு சிறு பயிற்சி விமானம் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் வந்துவிடும். ஆகவே திருகோணமலையில் இன்றே ஒரு நிரந்தர பிளையிங் கிளப்பும் விமானக் கொட்டகையும் கட்டித் தாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. தங்கள் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையங்களில் முன்வருகிற ஒன்று, மே முதல் செப்டம்பர் வரை ஒரு விமானத்தையும் ஒரு பயிற்றுநரையும் இங்கே நிறுத்தி வார இறுதிக் காலைகளில் பயிற்சி தர அனுமதிக்க வேண்டும், அதற்காகத் தாங்கள் விமானப்படையுடன் பேச வேண்டும் என்பதே எங்கள் முதன்மையான கோரிக்கை. படைவீரர்களின் பயிற்சிக்கு இடையூறு வராத நேரம் எது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். இரண்டு மணித்தியாலம் தந்தாலும் போதும். முகாமுக்குள் போய்வரும் எங்கள் எல்லோருடைய விபரங்களையும் முன்கூட்டியே கொடுப்போம், எந்தப் பாதுகாப்புச் சோதனைக்கும் உட்படுவோம்.

தனியாகச் செய்ய வேண்டிய நெடும்பயணம் 270 கிலோமீற்றருக்குக் குறையாமலும், இடையில் இரண்டு வேறு விமான நிலையங்களில் முழுமையாக இறங்கியும் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கும் இந்தப் பக்கம் வசதியானது. எங்களில் ஆசிரியராக இருப்பவர் வரைபடத்தில் அடிமட்டம் வைத்து அளந்து பார்த்தார். சீனக்குடா, மட்டக்களப்பு, அம்பாறை, திரும்பவும் சீனக்குடா என்று போனால் 290 அளவில் வருகிறது. பலாலிக்கும் வவுனியாவுக்கும் போய்த் திரும்பினால் அதைவிட நிறையவே அதிகம். சீனக்குடா, மட்டக்களப்பு, மின்னேரியா என்று முதலில் போட்ட முக்கோணம் 250இல் நின்றுவிட, அவருக்கு ஒரு நாள் முழுக்க மனம் ஆறவில்லை.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்த மனு நேர்மையாக இராது. பயிற்சி விமானங்கள் விழுந்ததை இந்த மாவட்டம் கண்டிருக்கிறது. 2020 டிசம்பரில் கந்தளாய்ப் பக்கம் ஒரு இளம் பயிற்சி விமானி உயிரிழந்தார். 2023 ஆகஸ்டில் சீனக்குடாவிலேயே இருவர். அந்தச் செய்தி வந்த அன்று அம்மா என்னோடு இரவுவரை கதைக்கவில்லை. அதனால் எங்களுக்காக எந்த விதியையும் தளர்த்த வேண்டாம். விமானத்தின் பராமரிப்புப் பதிவு, பயிற்றுநரின் தகுதி, தீயணைப்பு ஏற்பாடு எல்லாவற்றையும் தங்கள் பரிசோதகர்கள் வந்து பார்க்கட்டும். திருப்தி இல்லையென்றால் நிறுத்தட்டும்.

சீனக்குடா ஏற்பாட்டுக்குக் காலம் எடுக்கும் என்பதை உணர்கிறோம். அதுவரை தங்கள் அதிகாரசபை தானாகவே செய்யக்கூடிய இரண்டு காரியங்கள் உண்டு. எழுத்துப் பரீட்சையை ஆண்டுக்கு ஒருமுறையாவது திருகோணமலையில் நடத்தலாம். மேசையும் மண்டபமும் இங்கே தாராளமாக உண்டு. இந்த அனுமதிப்பத்திரத்துக்குத் தேவையான இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழுக்கு நான் கொழும்புக்குப் போய் ஒரு நாள் லீவை இழந்தேன். தங்கள் அங்கீகாரம் பெற்ற மருத்துவர் ஒருவர் ஆண்டில் ஒரு நாள் இங்கே வந்தால் எல்லோருக்கும் ஒரே நாளில் முடிந்துவிடும்.

இத்துடன் தமிழில் விளக்க வகுப்பும் வேண்டும். பரீட்சையைத் தமிழில் வையுங்கள் என்று கேட்க மாட்டோம். கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு ஆங்கிலத்தில் பேச வேண்டும், அதில் சர்வதேச விமான ஆங்கில அளவுகோலின் 4ஆம் படித்தரம் வேண்டும் என்பது உயிர் காக்கிற விதி. ஆனால் பேசுவது வேறு, விளங்குவது வேறு. 'ஸ்டோல்' என்ற சொல்லை முதலில் கேட்டபோது, கார் மேட்டில் ஏறாமல் நிற்பது போல எஞ்சின் நின்றுவிடுவது என்றே நினைத்தேன். சிறகு காற்றைச் சந்திக்கிற கோணம் அளவுக்கு மிஞ்சினால் காற்று சிறகின் மேற்பரப்பை விட்டுப் பிரிந்துவிடும், எஞ்சின் முழு மூச்சில் ஓடினாலும் விமானம் விழத் தொடங்கும், அந்த நேரத்தில் மூக்கைத் தூக்காமல் இறக்க வேண்டும் என்பது எனக்கு மூன்றாவது பாடத்தில்தான் விளங்கியது. எங்கள் பிள்ளைகள் உயர்தரப் பௌதிகவியலில் பேர்னூலியின் தத்துவத்தைத் தமிழில் நன்றாகப் படித்திருக்கிறார்கள். அங்கிருந்து ஒரு பாலம் போட்டுக் கொடுத்தால் போதும். ஒரு சிறிய சொல்லகராதியும், ஆண்டில் சில வார இறுதி வகுப்புகளும் கேட்கிறோம். வகுப்பு நடத்த இடம் தேடித் தருவது எங்கள் பொறுப்பு.

1935 நவம்பர் 27 அன்று இரத்மலானையில் முதன்முதலாக இறங்கிய விமானத்தை ஓட்டி வந்தவர் மெட்ராஸ் பிளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்றுநர். இந்த நாட்டுப் பெரிய விமான நிலையம் ஒன்றின் முதல் நாளே ஒரு கிளப்காரரோடுதான் தொடங்கியது. எங்களைப் போன்றவர்களுக்கும் விமானத் துறையில் ஒரு இடம் உண்டு என்று நம்புவதற்கு எங்களுக்கு அது போதும்.

தாங்கள் அழைக்கும் நாளில் கட்டுநாயக்கவுக்கு வந்து நேரில் விளக்கம் தரத் தயாராக இருக்கிறோம். 17 வயது நிரம்பிய, உடனே பயிற்சி தொடங்க விரும்புகிறவர்களின் பட்டியலும், சம்மதக் கடிதங்களும், என் பறப்புக் குறிப்பேட்டின் பிரதியும் இணைக்கப்பட்டுள்ளன. குறிப்பேட்டில் மணித்தியாலங்களைப் பார்ப்பதற்கு முன் திகதிகளைப் பார்க்குமாறு தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் இடையில் எத்தனை கிழமைகள் என்பது அங்கே தெரியும்.

இப்படிக்கு,
கையெழுத்திட்ட 11 பேர் சார்பில்,
பாலையூற்று, திருகோணமலை.

பிரதிகள்:
ஆளுநர், கிழக்கு மாகாணம்
விமானப்படைத் தளபதி, விமானப்படைத் தலைமையகம்