அண்ணனுக்கு: நடு அறையில் ஏசி மாட்டியாயிற்று

அண்ணா,

அப்பாவின் முதல் வருஷத் திதி நல்லபடியாக முடிந்தது. நீ உட்கார வேண்டிய பலகையில் சித்தப்பா மகன் உட்கார்ந்து செய்தான். மூத்த மகன் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா லீவு கிடைக்கவில்லை என்று பதில் சொன்னாள். நான் எதுவும் பேசவில்லை.

நீ என் போனை எடுப்பதில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இங்கே எழுதினால் அண்ணி படிப்பார். அவர் படித்தால் உன்னிடம் வந்துசேரும். கூடவே குடியாத்தத்து உறவுகள் படிக்கும், என்னோடு வேலை பார்ப்பவர்களும் படிப்பார்கள். ஆகவே தொகை எதையும் எழுதப் போவதில்லை. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது நம் இருவருக்கும் தெரியும்.

கத்திரி தொடங்கும் முன்பே நடு அறையில் ஏசி மாட்டிவிட்டேன். ஒரு டன், ஐந்து ஸ்டார், இன்வெர்ட்டர். ஒன்றரை டன் இல்லாமல் அந்த அறை குளிராது என்று நீ சொல்வாய். மேலே வெறும் தளம், மேற்குச் சுவரில் நாலு மணி வெயில் என்று காரணமும் சொல்வாய். தளத்தின் மேல் வெள்ளைப் பூச்சு இரண்டு கோட் அடித்தாயிற்று. மேற்கு ஜன்னலுக்கு வெளியே கீற்றுத் தட்டி கட்டியாயிற்று. முதலில் சூட்டை உள்ளே விடாமல் தடுத்துவிட்டுத்தான் மெஷினை வாங்கினேன். எடை இவ்வளவு குறைவாக இருக்கிறதே, இதை ஏன் டன் என்கிறார்கள் என்று அம்மா கேட்டாள். முன்பு நீ எனக்குச் சொன்னதையே அவளுக்குச் சொன்னேன்: ஒரு டன் ஐஸ் ஒரு நாள் முழுக்க உருகும்போது எவ்வளவு சூட்டை இழுத்துக்கொள்ளுமோ அவ்வளவு சூட்டை இது அறையிலிருந்து வெளியேற்றும் என்று. "பெரியவன் சொன்னானா?" என்றாள். ஆமாம் என்றதும் முகம் மாறியது.

போட்டவுடன் 24 காட்டுகிறது. அவள் 28-க்கு ஏற்றிவைத்து, ஃபேனையும் ஓடவிட்டு, போர்வையும் போர்த்திக்கொள்கிறாள். பன்னிரண்டு மணிக்கு எழுந்து அணைத்துவிடுகிறாள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கரண்ட் பில்லில் சலுகை குறைந்துவிடும் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பயத்தில் ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்கிறாளே, அவளை என்ன செய்வது? நீ சொன்னால் கேட்பாள். நான் சொன்னால், "உனக்கென்ன, சம்பளக்காரி" என்கிறாள்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். நாட்டு ஓடு வேய்ந்த வீட்டில்தான் நாம் வளர்ந்தோம். அதிலும் வெயில் உண்டு. ஆனால் ஓட்டு இடுக்குகள் வழியாகச் சூடு வெளியே போய்விடும், விளக்கு வைத்த பிறகு வீடு ஆறிவிடும். நீ வளைகுடாவுக்குப் போய் அனுப்பிய முதல் பெரிய பணத்தில் ஓட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போடச் சொன்னாய். ஊரில் எல்லாரும் தளம் போட்டிருக்கிறார்கள், நம் வீடு மட்டும் ஓட்டு வீடாக இருக்கக் கூடாது என்றாய். பகல் முழுக்கக் குடித்த வெயிலை அந்தத் தளம் ராத்திரி முழுக்கக் கீழே இறக்குகிறது. அந்தத் தளத்தின் கீழேதான் அப்பா படுத்திருந்தார்.

இதை எழுதியிருக்க வேண்டாம். அழிக்கவும் மனம் வரவில்லை. தளம் போட்ட அன்று அப்பா தெருவில் நின்று வீட்டையே பார்த்துக்கொண்டிருந்ததையும் சேர்த்து எழுதினால்தான் நியாயம். போவோர் வருவோரிடம், "பையன் அனுப்பிய பணம்" என்றார். அவர் அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததே இல்லை.

வேலூரில் பகல் 40 டிகிரியைத் தாண்டுவது ஒரு செய்தியே இல்லை என்பது உனக்கே தெரியும். சுற்றிலும் மொட்டைப் பாறை மலை, பாலாற்றில் மணல். உடம்பை வீழ்த்துவது ராத்திரிதான். பகலில் பட்ட சூட்டை ராத்திரியில் இறக்கிவைக்க வழியில்லாவிட்டால் உடம்பு மறுநாள் வெயிலுக்குள் களைப்போடே போகிறது. வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது, வியர்வையும் குறைந்துவிடும். சூட்டை வெளியேற்ற ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பி அனுப்பி இதயம் ஓய்ந்துபோகும். அதோடு அப்பா நீர் பிரியும் மாத்திரை வேறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இதையெல்லாம் கோடை முழுக்க ஊர் ஊராகப் போய்ச் சொல்வதுதான் என் வேலை. ஓஆர்எஸ் பொட்டலம் கொடுத்து, பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை வெளியே போகாதீர்கள் என்று சொல்லிவிட்டு, நான் அந்த வெயிலிலேயே அடுத்த தெருவுக்கு நடப்பேன்.

"நீ நர்ஸ்தானே, பக்கத்தில்தானே இருந்தாய்" என்றாய். சாவு வீட்டில், போனில், ஸ்பீக்கரில். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். அதற்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை. ஈரத்துணி போட்டேன், தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தேன், மாத்திரையைக் குறைக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டேன், திண்ணையில் படுங்கள் என்று கெஞ்சினேன். கொசு கடிக்கிறது என்று உள்ளே வந்துவிட்டார். ஏசி இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்கிறாய். இருக்கலாம். நீ சொல்வதற்கு முன்பே நான் அதை நினைத்துவிட்டேன், இப்போதும் நினைக்கிறேன்.

இன்னொன்று. 2024 அக்டோபரில் அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் என்றது. நான் ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று உறவில் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். யாரென்று உனக்குத் தெரியும், அவரும் இதைப் படிப்பார். சான்றிதழில் மாரடைப்பு என்று இருக்கிறது. வெயிலால் என்று நிறுவப் பிரேதப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்க வேண்டும். அப்பாவை அங்கே கொண்டுபோக அம்மா சம்மதிக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

அவர் போவதற்கு முந்தின ஜூலை. ஏசிக்குப் பணம் அனுப்புகிறேன் என்று நீ சொன்ன வாரம். நான் டூட்டி முடிந்து வந்து, நாலரை மணிக்கு அப்பாவுக்குப் போட்டிம் வீடியோ ஆப்பில் உன்னைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். உனக்கு அங்கே மூன்று மணி. கோடையில் மதிய வெயிலில் வெளியே வேலை செய்யக் கூடாது என்று அங்கே உள்ள தடை நேரம் முடிந்து எல்லாரும் மறுபடி மேலே ஏறும் நேரம். நீ ஷார்ஜாவில் ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியில் இருந்தாய். தலையில் துணி கட்டியிருந்தாய், கண் மட்டும் தெரிந்தது. போனைச் சுற்றிக் காட்டி, "அப்பா, பாருங்கள், எத்தனை அவுட்டோர்! எல்லாம் என் பொறுப்பு" என்றாய். வரிசை வரிசையாக ஏசியின் வெளி மெஷின்கள். அத்தனையும் கீழே உள்ள வீடுகளின் சூட்டை மேலே ஊதிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் உன் குரல் விட்டுவிட்டுத்தான் கேட்டது. அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் யாரோ உன்னைக் கூப்பிட்டார்கள். ஒரு நிமிஷம் என்று சொல்லிப் போனை எதன்மேலோ சாய்த்துவைத்துவிட்டுப் போனாய். அணைத்துவிட்டதாக நினைத்தாயோ என்னவோ. நீ போனது நாலைந்து அடிதான். அங்கேயே நின்றுவிட்டாய். பாட்டில் தண்ணீரைப் பிடரியில் ஊற்றிக்கொண்டாய். தண்ணீர்த் தொட்டியின் ஓரம் ஒரு முழ அகலத்துக்கு நிழல் இருந்தது. அதில் குந்தி உட்கார்ந்து, முழங்காலுக்கு நடுவே தலையைக் கவிழ்த்துக்கொண்டாய். வெகுநேரம் நீ நிமிரவே இல்லை. உன் முதுகு ஏறி ஏறி இறங்குவது மட்டும் தெரிந்தது. இன்னொரு பையன் வந்து உன் தோளைத் தொட்டான். நீ கையை மட்டும் ஆட்டினாய். நான், "அப்பா, கொடுங்கள்" என்றேன். அவர் போனைக் கொடுக்கவில்லை. உன் போன் சூடாகித் தானே அணைந்துபோகும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஏசி வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிடு" என்றார். "மூட்டு வலிக்கும் என்று சொல். இதைச் சொல்லாதே."

அதன் பிறகு நீ எத்தனை சண்டை போட்டாலும் அவர் மூட்டு வலியைத்தான் சொன்னார். நீ அனுப்பிய பணத்தை உன் விசாவுக்கு வாங்கிய கடனில் கட்டச் சொன்னார். அதில் ஒரு பங்கு என் மகளின் காலேஜ் ஃபீஸுக்குப் போனது, மறுக்கவில்லை. அவராகத்தான் கொடுத்தார். நான் அவர் மனதைக் கலைத்துப் பணத்தைத் திருப்பிக்கொண்டேன் என்று அண்ணி வீட்டில் பேச்சு. நீயும் அதை நம்பினாய் என்பதுதான் எனக்கு வலிக்கிறது. அண்ணி, உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் அந்தப் பேச்சு என் காதுக்கு வந்தது.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். மன்னித்துவிடு என்றுதான் எழுத ஆரம்பித்தேன், எழுதி அடித்துவிட்டேன். சொல்லியிருந்தால் நீ அன்றே வேலையை விட்டுவிட்டு வந்திருப்பாய். கடன் அடையாமல் அப்படியே நின்றிருக்கும். அல்லது வராமல், அவர் பார்த்துவிட்டார் என்ற நினைப்போடு தினமும் அந்த உச்சியில் ஏறியிருப்பாய். இரண்டில் எது நடந்திருந்தாலும் அவர் தாங்கியிருக்க மாட்டார். அவர் இருந்தவரை நான் வாயைத் திறக்காததற்கு அதுதான் காரணம். அவர் போன பிறகு சொல்லாததற்குக் காரணம் வேறு. நீ ஸ்பீக்கரில் பேசிய அந்த வார்த்தைதான். நீயும் கொஞ்சம் தெரியாமலே கிட என்று விட்டுவிட்டேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் அதற்கு மட்டும் கேட்கலாம். அதையும் நீ போனை எடுத்தால் கேட்கிறேன்.

ஏசி மாட்ட வந்தவன் காட்பாடிப் பக்கத்துப் பையன், ஐடிஐ படித்தவன், உன்னைப் போலவே வாயில் ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டு பேசுகிறான். அவுட்டோரைப் பக்கச் சுவரில் மாட்டத்தான் பார்த்தான். அந்தச் சந்து நாலடி. எதிரே பக்கத்து வீட்டுப் பாட்டியின் ஜன்னல், அவளுக்கு இருப்பது ஒரே ஒரு பழைய டேபிள் ஃபேன். நம் வீட்டுச் சூட்டை அவள் முகத்தில் கொண்டுபோய் ஊத எனக்கு மனம் வரவில்லை, மாடிக்கு ஏற்றச் சொன்னேன். காப்பர் பைப் நீளத்துக்குக் கூடுதல் பணம் ஆயிற்று. மேலே வைத்துவிட்டால் ஒவ்வொரு சர்வீசுக்கும் யாராவது ஒருவர் அந்தத் தளத்தில் ஏறி நிற்க வேண்டும் என்பது அவன் மூட்டை முடிச்சோடு ஏணியில் கால் வைத்தபோதுதான் உறைத்தது. மணி பன்னிரண்டு. இறங்கு, சாப்பிடு, நாளைக் காலை ஆறரைக்கு வா என்றேன். இன்றைக்கு இன்னும் மூன்று வீடு இருக்கிறது அக்கா, முடித்துவிட்டே போகிறேன் என்றான். நான் விடவில்லை. கடைக்காரர் போன் செய்து கத்தினார், அவரிடமும் பேசினேன். மறுநாள் காலையில் வந்து எட்டரைக்குள் முடித்துவிட்டான். இப்போது அவுட்டோருக்கு மேலே ஒரு ஆள் நிற்கும் அளவுக்குத் தகரமும் கீற்றும் போட்டு நிழல் செய்திருக்கிறேன்.

அந்தக் கடைக்காரர் பிறகு சமாதானமாகிவிட்டார். கோடையில் வாரக் கணக்கில் ஆர்டர் தேங்குகிறதாம், வேலை தெரிந்த ஆள் கிடைக்கவில்லையாம். சென்ட்ரல் ஏசி வேலையும் தெரிந்தவர் என்றால் மேற்பார்வைக்கே வைத்துக்கொள்வேன் என்கிறார். உன்னைப் பற்றிச் சொன்னேன். கேட்காமல் சொன்னதற்குத் திட்டுவாய், திட்டு. சம்பளம் நீ அங்கே வாங்குவதில் பாதிகூட வராது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் விசாக் கடன் பொங்கலோடு தீர்ந்துவிட்டது. ரசீது என்னிடம் இருக்கிறது, அண்ணியிடம் ஒரு நகல் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்கு இனிப் பணம் அனுப்ப வேண்டாம், அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் மகன் அடுத்த வருடம் ஒன்பதாம் வகுப்பு.

உங்கள் ஊரில் மதியத் தடை ஜூன் 15-க்குத்தான் தொடங்கும். அதற்கு முன் உள்ள வெயிலும் வெயில்தான். எந்த சூப்பர்வைசர் அவசரப்படுத்தினாலும் தனியாக மேலே ஏறாதே.

கடைக்காரரின் எண் அண்ணியிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவருக்கு அடிக்கிறாயா, எனக்கு அடிக்கிறாயா, நீயே முடிவு செய். இரண்டு பேரும் போனை எடுப்போம்.

உன் தங்கை