லண்டனில் இருக்கும் நம்மவர்களுக்கு, உறைந்துபோன எங்கள் பென்சன் பற்றி ஒரு திறந்த மடல்

பிரித்தானியாவில் வாழும் தமிழ் உறவுகளுக்கு வணக்கம்.

ஹரோ, ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்ட், டூட்டிங், மிச்சம் என்று நீங்கள் எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, இந்த மடல் உங்களுக்குத்தான். கடைசிக் காலத்தை ஊரில் கழிக்க வேண்டும் என்று நினைப்பவர்களும், அப்படித் திரும்பிப் போன அப்பா அம்மாவை வைத்திருக்கும் பிள்ளைகளும் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

நான் 1979இல் லண்டனுக்கு வந்தவன். முதலில் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, அப்புறம் முப்பது வருடம் பஸ் ஓட்டினேன். 2012 தொடக்கத்தில் 65 வயது நிரம்பி அரச ஓய்வூதியம் வரத் தொடங்கியது. அந்த வருடக் கடைசியில் நானும் மனைவியும் இலங்கையில், யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்குத் திரும்பினோம். பூட்டிக் கிடந்த வீட்டைத் திருத்தினோம், கிணற்றை இறைத்தோம், முற்றத்தில் இரண்டு மாங்கன்று வைத்தோம். இரண்டும் இப்போது காய்க்கின்றன.

நாங்கள் புறப்பட்ட அந்த நேரத்தில் முழு அடிப்படை ஓய்வூதியம் வாரத்துக்கு 107 பவுண் 45 பென்ஸ். எனக்கு இன்றைக்கும் வருவது அதே தொகைதான். நான்கு வாரத்துக்கு ஒரு முறை வங்கிக் கணக்கில் 429.80 என்று விழும். கணக்கு அறிக்கையில் வருடத்துக்குப் பதின்மூன்று வரிகள், எல்லா வரியிலும் அதே இலக்கம். 2025–26இல் பிரித்தானியாவில் இருந்தவருக்கு அதே அடிப்படைத் தொகை வாரத்துக்கு 176.45 பவுண். அதாவது அந்த வருடம் வாரத்துக்கு 69 பவுண் எனக்குக் குறைவு. வருடக் கணக்கில் மூவாயிரத்து ஐந்நூறு பவுணுக்கு மேல்.

இது ஏதோ தவறுதலாக நடந்ததல்ல, சட்டமே அப்படி. விலைவாசி உயர்வு, சம்பள உயர்வு, இரண்டரை சதவீதம் என்ற மூன்றில் எது கூடவோ அந்த அளவுக்கு ஒவ்வொரு ஏப்ரலிலும் ஓய்வூதியம் ஏறும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஏற்றம் பிரித்தானியாவுக்குள் இருப்பவர்களுக்கும், ஐரோப்பிய நாடுகளிலும் ஒப்பந்தம் உள்ள வேறு சில நாடுகளிலும் இருப்பவர்களுக்கும் மட்டுந்தான். இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், தென்னாபிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளுக்குப் போனால், போன அன்றைக்கு என்ன தொகையோ அதோடு சரி. சாகும்வரை அதே தொகைதான். நான்கரை இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இப்படி இருக்கிறார்கள்.

என்னோடு ஒரே கராஜில் வேலை செய்த ஜமெய்க்காக்காரர் ஒருவர் இருந்தார். விடியற்காலை நான்கு மணிக்கு ஒன்றாகத் தேநீர் குடித்துவிட்டு அவரவர் பஸ்ஸை எடுப்போம். இருவருக்கும் ஒரே சம்பளம். ஓய்வூதியத்துக்காகத் தேசிய காப்புறுதி என்று சம்பளத் துண்டில் வெட்டிய காசும் ஒரே அளவு. அவரும் ஓய்வுபெற்றுத் தன் ஊருக்குத் திரும்பினார். ஜமெய்க்காவோடு ஒப்பந்தம் இருப்பதால் அவருடைய ஓய்வூதியம் ஒவ்வொரு வருடமும் ஏறுகிறது. அதில் எனக்குப் பொறாமை இல்லை, அவர் உழைத்த காசு அது. நானும் அதே உழைப்பைத்தான் உழைத்தேன்.

பார்படோஸ், மொரிசியஸ், பிலிப்பைன்ஸ், துருக்கி, அமெரிக்கா எல்லாவற்றுக்கும் ஏற்றம் உண்டு. மகளோடு இருக்க நியூஜேர்சிக்குப் போகும் தாய்க்கு ஏறும். மகனோடு இருக்க கனடாவின் ஸ்காபரோவுக்குப் போகும் தாய்க்கு ஏறாது. நம் குடும்பங்கள் இந்த எல்லா இடங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. எந்தப் பிள்ளையிடம் போனால் பென்சன் ஏறும் என்று பார்த்தா ஒரு தாய் முடிவெடுப்பாள்?

ஊரில் என்னிடம் அடிக்கடி ஒன்று சொல்வார்கள். "அண்ணை, உங்களுக்கென்ன குறை, பவுண் ஏறிக்கொண்டுதானே போகுது." இதற்கு நான் பொறுமையாகக் கணக்குச் சொல்வேன். நாங்கள் வந்தபோது ஒரு பவுண் 200 ரூபா அளவு. 2025இல் 400 அளவு. உண்மைதான், கைக்கு வரும் ரூபா இரண்டு மடங்கு. ஆனால் ரூபா விழுந்தது எதனால்? 2022இல் நாடே விழுந்ததால். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைவாசி ஒரு வருடத்துக்குள் 70 சதவீதம் அளவு ஏறியிருந்தது, உணவுப் பொருட்கள் மட்டும் 95 சதவீதம். 2021இல் 1,500 ரூபாவுக்கு வாங்கிய பன்னிரண்டரைக் கிலோ எரிவாயு சிலிண்டர் அடுத்த வருடம் 4,800ஐத் தாண்டியது. பிறகு இறங்கினாலும் பழைய விலைக்கு வரவேயில்லை. மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அரச ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த துண்டோடு வெளி மருந்துக்கடைகளில் ஏறி இறங்கினோம். அந்தக் காலத்தில் என் மனைவி பிரெஷர் குளிசையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டார். எனக்குத் தெரியாமல் செய்தார். பிறகுதான் பெட்டியில் மிச்சம் இருந்ததை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்தேன்.

வாரம் 69 பவுண் குறைகிறது என்று சொல்லும்போது நான் சொல்வது அந்தக் குளிசையைத்தான்.

உயிரோடு இருக்கிறோம் என்ற படிவம் வந்தால் சமாதான நீதவான் ஒருவர் முன்னால் போய் நின்று கையெழுத்து வாங்கி அனுப்புகிறோம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இறந்தவர் பெயரில் காசு போகக்கூடாது என்று பார்ப்பது நியாயந்தானே. ஆள் உயிரோடு இருக்கிறார் என்று உறுதிப்படுத்திக்கொள்ளும் அரசு, உயிரோடு இருப்பவருக்கு விலைவாசியும் ஏறும் என்பதை ஏன் பார்க்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

இன்னொன்றும் உண்டு. நான் பேரப்பிள்ளைகளைப் பார்க்க லண்டனுக்கு வந்து, வந்திருப்பதை அறிவித்தால், அங்கே நிற்கும் நாட்களுக்கு முழுத் தொகை தருவார்கள். மானிப்பாய்க்குத் திரும்பியதும் மறுபடி 107.45. மனிதன் ஒருவன், காப்புறுதி கட்டிய வருடங்களும் அதே வருடங்கள். படுக்கும் கட்டில் மட்டும் வேறு.

அரசு சொல்லும் பதில் பல வருடமாக ஒன்றுதான்: இது நெடுங்காலக் கொள்கை, செலவு அதிகம், ஒப்பந்தம் இல்லை. ஏற்றம் தரும் ஒப்பந்தம் எங்கள் நாடுகளோடு போடவும் இல்லை. தாங்களே போடாத ஒப்பந்தத்தைக் காரணமாகக் காட்டுவதை நான் எப்படி ஏற்பது? இந்தியாவோடு 2025 ஜூலை 24 அன்று வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தப் பேச்சின்போதே, தற்காலிக வேலைக்கு வருபவர்கள் மூன்று வருடம் வரை ஒரு நாட்டில் மட்டும் காப்புறுதி கட்டினால் போதும் என்றும் இணங்கினார்கள். அதாவது மனம் இருந்தால் உட்கார்ந்து பேச முடிகிறது. சென்னைக்கும் திருச்சிக்கும் திரும்பிய ஓய்வூதியர்களின் ஏற்றம் மட்டும் அதற்குள் வரவில்லை.

செலவு என்கிறார்கள். ஊருக்கு வந்துவிட்ட என்னால் பிரித்தானிய ஆஸ்பத்திரிக்கு ஒரு பென்ஸ் செலவில்லை. மூட்டுவலிக்கும் கண்ணுக்கும் நான் போவது யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு.

நீதிமன்றமும் ஏறிப் பார்த்தாயிற்று. அப்போது தென்னாபிரிக்காவில் வாழ்ந்த அனெட் கார்சன் தொடுத்த வழக்கு 2005இல், அந்நாளில் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையில் தோற்றது. பிறகு 2010 மார்ச்சில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வில் பதினொன்றுக்கு ஆறு என்று தோற்றது. ஆறு நீதிபதிகள் எங்கள் பக்கம் நின்றார்கள் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் வழி இனி நீதிமன்றத்தில் இல்லை, நாடாளுமன்றத்தில்தான் இருக்கிறது.

கனடாவின் கால்கரிக்குப் போன ஆன் பக்ரிட்ஜ் இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படையில் பணி செய்தவர். 2001இல் அங்கே குடியேறிய நாள் முதல் அவருக்கு வாரம் 72.50 பவுண்தான். 2024 டிசம்பரில், நூறு வயதைத் தொடும் நேரத்தில், விமானம் ஏறி லண்டன் வந்து அமைச்சரைப் பார்த்துக் கேட்டார். அந்த வயதில் அவர் அவ்வளவு தூரம் வந்தார். நீங்கள் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் வாராந்தச் சந்திப்புக்கு ஒரு பஸ் ஏறினால் போதும்.

அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். கோயில் திருவிழாவுக்கும் தைப்பொங்கல் விழாவுக்கும் உங்கள் பகுதி உறுப்பினர்கள் வருகிறார்கள், மாலை போடுகிறீர்கள், படம் எடுக்கிறீர்கள். அந்த இடத்தில் இந்த ஒரு விடயத்தையும் கேளுங்கள். போன வருடங்களின் பாக்கியை நாங்கள் கேட்கவில்லை. இன்றைக்கு வாங்கும் தொகையில் இருந்து, இனி வரும் ஏப்ரல் ஏற்றத்தையாவது எங்களுக்கும் தரட்டும். இது நடக்கக்கூடிய கோரிக்கை.

ஊருக்குத் திரும்பும் எண்ணத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2016இல் வந்த புதிய முறையில் ஓய்வூதியம் எடுப்பவர்களுக்கும் இதே கதிதான். 2016இல் முழுத் தொகை 155.65 ஆக இருந்தபோது ஊருக்குப் போனவர் இன்னும் அதையே வாங்குகிறார். 2025–26இல் அங்கே அது 230.25. வராதீர்கள் என்று சொல்ல மாட்டேன். நான் வந்ததற்கு வருந்தவில்லை. காணியை விற்கவும் வீட்டைக் கட்டவும் கணக்குப் போடும்போது, பென்சன் ஏறும் என்று மட்டும் எழுதாதீர்கள். எனக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை. 2013 ஏப்ரலில் ஏற்றக் கடிதம் வரும் என்று படலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏற்கெனவே திரும்பி வந்து, பிரித்தானியக் குடியுரிமையோடு இருப்பவர்கள் கவனியுங்கள். நாட்டை விட்டுப் பதினைந்து வருடமானால் வாக்கு இல்லை என்ற விதி 2024 ஜனவரியில் நீங்கிவிட்டது. கடைசியாக இருந்த தொகுதியில் வாக்காளராகப் பதியலாம். தபால் வாக்கு ஊருக்கு வந்து திரும்புவதற்குள் தேர்தல் முடிந்துவிடக்கூடும், ஆகவே அங்கே இருக்கும் பிள்ளையையோ நண்பரையோ உங்களுக்குப் பதிலாக வாக்களிக்க நியமியுங்கள். நான் பதிந்துவிட்டேன். எனக்காக வாக்களிப்பவள் ஹரோவில் இருக்கும் என் மகள். அவள் தன் பகுதி உறுப்பினருக்கு எழுதும் முதல் கடிதத்தோடு, எனது வங்கிக் கணக்கின் பதின்மூன்று வரிகளையும் படி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
மானிப்பாயிலிருந்து,
ஓய்வுபெற்ற லண்டன் பஸ் ஓட்டுநர் ஒருவன்