வில்லியம் குரூக்ஸ் பற்றிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். அறிவியல் கண்காட்சிக்காக நம் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள், விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்து விஞ்ஞானி வில்லியம் குரூக்ஸின் ஆய்வுகளை எடுத்துக்கொண்டுள்ளனர். கேதோடு கதிர் (காற்று அகற்றிய குழாயில் எதிர்மின்வாயிலிருந்து பாயும் கதிர்) பற்றிப் படிக்கும்போது அவர் பெயர் ஓரிரு வரிகளில் கடந்துவிடும் என்பதால், அவரைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

1832இல் லண்டனில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்த குரூக்ஸ், பதின்பருவத்திலேயே வேதியியல் கல்லூரியில் சேர்ந்து, ஹாஃப்மன் என்ற பேராசிரியரிடம் பயின்றார். கந்தக அமிலத் தொழிற்சாலையில் மிஞ்சிய கசடை எறிந்துவிடாமல் பல ஆண்டுகள் வைத்திருந்த அவர், அதில் டெல்லூரியம் உண்டா என்றறிய 1861இல் சுடரில் காட்டி நிறமாலைமானி (ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் கருவி) வழியே நோக்கியபோது, அறிந்த தனிமம் எதற்கும் பொருந்தாத பச்சைக் கோடு ஒன்று பளிச்சிட்டது. அந்தக் கோடு காட்டிக்கொடுத்த புதிய தனிமமே தாலியம்.

அதன் அணு எடையைக் காண வெற்றிடத்தில் எடைபோட்டபோது, வெப்பத்துக்கேற்பத் தராசு விநோதமாக அசைந்தது. அதைப் பிழையென்று ஒதுக்காமல் அவர் ஆராய்ந்ததில் பிறந்ததுதான் ரேடியோமீட்டர். காற்றைப் பெருமளவு அகற்றிய கண்ணாடிக் குமிழுக்குள், ஒரு முகம் கறுப்பாகவும் மறுமுகம் பளபளப்பாகவும் உள்ள நான்கு சிறு தகடுகள் ஊசிமுனையில் நிற்கும். வெயில் பட்டதும் சுழலத் தொடங்கும். ஒளியின் அழுத்தமே காரணம் என்று குரூக்ஸ் முதலில் கருதினார். அப்படியாயின், ஒளியைத் திருப்பியனுப்பும் பளபளப்பான முகம்தான் அதிகம் தள்ளப்பட வேண்டும். குமிழிலோ கறுப்பு முகமே பின்வாங்கியது. எஞ்சியிருந்த சிறிதளவு வாயுவின் வேலை அது என்பது பின்னர் விளங்கிற்று. அவர் முதலில் தவறாகக் கருதியதைக் கண்காட்சியில் மறைக்காமல் விளக்க வேண்டுமென மாணவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். விடையை மட்டும் மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு, அந்த விடைக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பது தெரியாமலே போய்விடுகிறது.

வெற்றிடத்தை உண்டாக்குவதில் அவர் பெற்ற தேர்ச்சியே குரூக்ஸ் குழாய்களுக்கும் (காற்றைப் பெருமளவு அகற்றி மின்சாரம் பாய்ச்சும் கண்ணாடிக் குழாய்கள்) வழிவகுத்தது. கேதோடு கதிர்கள் காந்தத்தால் வளைவதையும், வழியிலுள்ள உலோகச் சிலுவையின் நிழலை விழச் செய்வதையும் 1879இல் அவர் காட்டினார். இத்தகைய குழாய்களை வைத்தே 1895இல் ஜெர்மன் இயற்பியலாளர் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். 1903இல், எழுபது வயதை எட்டிய பின்பும், துத்தநாக சல்பைடு திரையில் ரேடியம் எழுப்பும் ஒளிப்பொறிகளை உருப்பெருக்கி வழியே தனித்தனியாகக் கண்டு வியந்தவர் அவர்.

ரேடியோமீட்டர் ஒன்று ஆய்வகச் சன்னலருகே வைக்கப்படும். வெயில் இருக்கும்போதே வாருங்கள். கறுப்பு முகம் ஏன் பின்வாங்குகிறது என்று உங்கள் பிள்ளையிடமே கேளுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்