விழுந்த மடிக்கணினிக்கு ஒருவரித் தீர்ப்பு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பிலுள்ள மடிக்கணினிச் சேவை நிலையங்களின் மதிப்புக்குரிய முகாமையாளர்களுக்கு,

மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் வரும் கணினிகளை எந்தத் துண்டுச் சீட்டோடு திருப்பி அனுப்புகிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். "கீழே விழுந்தது. மதர்போர்ட் பழுது. உத்தரவாதம் இல்லை." போன கிழமை களுவாஞ்சிக்குடிக்குத் திரும்பிய கணினியிலும் அதேதான். இங்கே திருத்துகிற நாங்கள் அடிமூடியைக் கழற்றினால், பவர் பொத்தானிலிருந்து மதர்போர்டுக்கு, அதாவது கணினியின் பிரதான சுற்றுப்பலகைக்கு, போகும் தட்டை வயர் ஒரு பக்கம் கிளம்பி நிற்கிறது. கவ்வியைத் தூக்கி, வயரை நேராகச் செருகி, கவ்வியை அமர்த்தியதும் கணினி எழும்பியது. இரண்டு நிமிட வேலை. அதற்காக ஒரு மாதக் காத்திருப்பு, இரண்டு பக்க பார்சல் கூலி, போதாததற்குப் பரிசோதனைக் கட்டணம். கணினிக்குச் சொந்தக்காரப் பிள்ளையின் ஒப்படைத் திகதியும் போய்விட்டது.

விழுந்த பொருளுக்கு உத்தரவாதம் இல்லை என்பதில் எங்களுக்கு வழக்கில்லை. விழுந்த பொருளுக்குப் பரிசோதனையும் இல்லை என்று எந்த அட்டையில் அச்சிட்டிருக்கிறீர்கள்?

நாங்கள் முதலில் கேட்பது இதுதான். "போர்ட் பழுது" என்று எழுதுமுன் எதை எதைப் பார்த்தீர்கள், மீற்றரில் என்ன வந்தது என்பதைத் துண்டில் எழுதுங்கள்.

வட்ட முனைச் சார்ஜரென்றால் 19 வோல்ட் அளவில் வருகிறதா? யூஎஸ்பி-சி சார்ஜரை வெறும் முனையில் அளந்து பயனில்லை. இடையில் செருகும் மீற்றர் வேண்டும். 5 வோல்டிலேயே நின்று 20க்கு ஏறாவிட்டால் அதையும் குறியுங்கள். சார்ஜர் குத்தியிருக்கும்போது விழுந்ததென்றால் முதல் சந்தேகம் சார்ஜர் குத்தும் ஜாக்கின் மேல்தான். பல மாதிரிகளில் அது தனி வயரோடு வரும் உதிரிப்பாகம், ஈயம்கூட வைக்கத் தேவையில்லை. பிறகு பற்றறி கனெக்டரையும் சார்ஜரையும் கழற்றி, பவர் பொத்தானை 30 செக்கன் அழுத்திப் பிடித்து, சார்ஜரை மட்டும் கொடுத்துப் பார்த்தீர்களா? விசிறி சுற்றியும் திரை கறுப்பென்றால் ரம் (RAM) நினைவகத்தைக் கழற்றிப் போட்டு, எச்டிஎம்ஐ வழியே வேறு திரையிலும் பார்க்க வேண்டும்.

பிரதான மின்பாதைக்கும் தரைக்கும் இடையே பூச்சிய ஓம் காட்டினாலும் போர்ட் செத்ததென்று அர்த்தமில்லை. குறுணலிலும் சிறிய செராமிக் கப்பாசிற்றர்கள் போர்ட் வளையும்போது உள்ளே வெடிப்பு விட்டு, மின்னை நேரே தரைக்கு விட்டுவிடும். வெளியே கீறல்கூடத் தெரியாது. அந்தப் பாதைக்கு 1 வோல்ட் அளவில் மின் கொடுத்து மேலே அல்ககோல் தடவினால், சூட்டில் எந்த இடம் முதலில் காய்கிறதோ அங்கேதான் பழுது. மாற்ற வேண்டியது அந்த ஒன்றைத்தான். உண்மையாகவே உடைந்த போர்டுகளும் வருகின்றன, மறுக்கவில்லை. ஆனால் வருகிற எல்லாமேயா?

போர்ட் மாற்றினால் விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லொக்கர் மீட்புச் சாவி கேட்கக்கூடும் என்று முன்கூட்டி ஒரு சொல் சொல்வதில்லை. நசுங்கிய பற்றறியைப் பொருத்தியபடியே இரவு பஸ்ஸில் ஏற்றி விடுகிறீர்கள். தீப்பிடித்தால் அதற்கும் "விழுந்தது" என்று ஒரு துண்டு வருமாக்கும். கல்முனை மெயின் வீதியில் கண்ணாடி முகப்பு வைத்த விற்பனைக் கடை திறக்க வழி தெரிந்தவர்களுக்கு, ஒரு ஜாக்கை எங்களுக்கு விலைக்குத் தர மட்டும் வழி தெரிவதில்லை.

கோபத்தில் கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். பார்த்ததையும் அளந்ததையும் துண்டில் எழுதித் தாருங்கள். ஜாக்கும் தட்டை வயரும் பாக எண்ணோடு எங்கள் கடைகளுக்கு விற்கத் தயவு செய்யுங்கள். நசுங்கிய பற்றறியைக் கழற்றிவிட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பகுதிகளில் மடிக்கணினி திருத்துவோர் சிலர்