‘சில காலம்’ நீதிபதியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநில மறைந்த சுல்தான் அஸ்லான் ஷாவைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘அரச குடும்பத்தில் பிறந்த இவர், அரியணை ஏறுமுன் சில காலம் நீதிபதியாகவும் இருந்தார்’ என்ற வரிக்கு வந்ததும் கோப்பியைக் கீழே வைத்துவிட்டேன்.

சில காலமா? 1965இல், 37 வயதில் உயர் நீதிமன்ற நீதிபதியானவர், 1984 பிப்ரவரியில் சுல்தானாகும்வரை நீதித்துறையை விட்டு நகரவில்லை. மலாயாத் தலைமை நீதிபதி, அதன்பின் நாட்டின் நீதித்துறைக்கே தலைவரான லார்ட் பிரசிடென்ட். கட்டுரையாளர் அதைப் ‘பிரபுத் தலைவர்’ என்று தமிழாக்கியிருக்கிறார். சாட்சிக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்று முப்பத்தோரு ஆண்டு மொழிபெயர்த்தவன் நான். இப்படியொரு சொல்லை அங்கே உதிர்த்திருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். பத்திரிகையில் அந்தக் கவலை இல்லை போலும்.

பிறப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுல்தானின் மகன்தான், ஆனால் பேராக்கில் அது மட்டும் போதாது, வாரிசுப் பட்டங்களில் படிப்படியாக ஏற வேண்டும் என்பது தாங்கள் அறியாததல்ல. 1962இல் அவருக்குக் கிடைத்தது ராஜா கெச்சில் போங்சு என்ற கடைப்படி. அரியணைக்கு அடுத்த வாரிசான ராஜா மூடாவானது 1983இல்தான். அரியணைக்காகக் காத்துக்கிடந்தவரா சிலாங்கூர் மாநிலத்தின் மந்திரி பெசாராக (முதலமைச்சராக) இருந்த ஹருண் இட்ரிஸுக்கு 1976இல் லஞ்ச வழக்கில் சிறைத் தண்டனை விதித்தார்?

என் பழைய 555 நோட்டில், மை பரவிய ஒரு பக்கத்தில், ஸ்ரீ லெம்பா வழக்கில் அவர் எழுதிய வரி இருக்கிறது. ஒவ்வொரு சட்ட அதிகாரத்துக்கும் சட்ட வரம்பு வேண்டும், இல்லையேல் அது சர்வாதிகாரம். இதைத் தமிழில் சரியாக நிறுத்த எனக்கு மூன்று நாள் பிடித்தது. அந்த வழக்கில், சொந்த நிலத்தைப் பிரிக்க அனுமதி கேட்ட நிறுவனத்திடம், நிரந்தர உரிமையைக் கொடுத்துவிட்டு 99 ஆண்டுக் குத்தகை வாங்கிக்கொள் என்றார்கள் அரசுத் தரப்பினர். அது செல்லாது என்றது தீர்ப்பு. பிற்பாடு என் அப்பாவின் கால் ஏக்கருக்காக ஓர் அலுவலகத்தில் நான் இதே வரியைச் சொன்னேன். முகப்பில் இருந்தவர் சிரித்துவிட்டு அடுத்த எண்ணை அழைத்தார்.

அவர் பெயரிலான ஹாக்கிக் கிண்ணத்துக்கு மட்டும் கட்டுரையில் பாதிப் பக்கம்! ஈப்போவில் அந்தப் போட்டிகளை நானும் வெயிலில் நின்று பார்த்தவன்தான். ஆனால் 2009 எங்கே? பேராக் சட்டமன்றத்தைக் கலைக்கும்படி மந்திரி பெசார் நிசார் கேட்டபோது சுல்தான் இசையவில்லை. அந்த நோட்டை வைத்திருக்கும் எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு. அந்த வரியை எழுதியவரா இவர் என்று கேட்டு எழுதியிருந்தால் தங்களைப் பாராட்டியிருப்பேன். புகழவும் தெரியவில்லை, கேட்கவும் மனமில்லை.

2014இல் அவர் மறைந்தபோது இதையெல்லாம் நான்கு பக்கத்தில் தங்களுக்கு எழுதி அனுப்பினேன். என் பெயரும் ஊரும் நான்கு வரியும் வந்தன. பெயரிலும் ஓர் எழுத்துப் பிழை.

இம்முறை அதிகம் கேட்கவில்லை. ‘சில காலம்’ என்பதைப் ‘பத்தொன்பது ஆண்டுகள்’ என்று திருத்தி ஒரு வரி போடுங்கள். இடமில்லை என்றால் ராசிபலனில் மகர ராசிக்கு ஒரு வரி குறைத்துக்கொள்ளலாம். அது என் ராசி, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்,
ஈப்போ