கழுத்து வலிக்கு கையை அமுக்குறது: படத்துல விட்டுப்போன விஷயம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன வாரம் நம்ம பேப்பர்ல கழுத்து வலி, தோள்பட்டை வலிக்கு கையில எங்கெங்க அமுக்கணும்னு ஒரு படம் போட்டிருந்தீங்க, டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்ல எங்க தெருவுல நிறைய பேர் அதை வெட்டி பிரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருக்காங்க. படம் சரியாத்தான் இருக்கு. கட்டைவிரலோட அடிப்பக்கம் கழுத்துக்கு, சுண்டுவிரலுக்குக் கீழ உள்ளங்கை ஓரம் தோளுக்கு, கட்டைவிரல் பக்கமா மணிக்கட்டு வரைக்கும் போற ஓரம் முதுகெலும்புக்கு, வலது தோள் வலிச்சா வலது கை, இடதுன்னா இடது கை, கை, பாதத்துல சில இடங்களை அமுக்கி விடுற ரிஃப்ளெக்ஸாலஜி பண்றவங்க பெரும்பாலும் இப்படித்தான் சொல்றாங்க. ஆனா கீழ 'எலும்பு தேய்மானம் குணமாகும்'னு ஒரு வரி இருந்துச்சே, அது எனக்கு மனசு கேக்கல.

இது நம்ம சித்தர்கள் காலத்து வைத்தியம்னு வேற போட்டிருந்தீங்க. ஆனா இந்த முறை அமெரிக்காவுல ஃபிட்ஸ்ஜெரால்டுன்னு ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் உடம்பை தலையிலேர்ந்து கால் வரைக்கும் 10 நீளப் பகுதியா பிரிச்சு 1917ல புத்தகமா போட்டதுலேர்ந்து வந்தது, அப்புறம் 1930கள்ல யூனிஸ் இங்ஹாம்ங்கிற அம்மா அதை விரிவாக்கி பாதத்துக்கு படம் போட்டாங்க. இதுனால ஒரு நோய் குணமாகும்னு உறுதியா சொல்ற அளவுக்கு ஆராய்ச்சியில ஆதாரம் கிடைக்கல.

அதுக்காக அமுக்கவே வேணாம்னு சொல்ல வரல. நான் தையல் வேலை பாக்குறவ, தலை கிட்டத்தட்ட 5 கிலோ கனம், அதை நாள் முழுக்க மிஷின் மேல குனிஞ்சு வச்சிருந்தா பிடரி இறுகத்தான் செய்யும், சாயங்காலம் மக கையில எண்ணெய் தடவி அந்த இடங்களை நீவி விட்டா உடம்பு தளர்ந்து நல்லா தூக்கம் வருது. தைப்பூசத்துக்கு காவடி எடுத்துட்டு வந்து தோள் கனத்துப் போய் உக்காந்திருக்கிறவங்களுக்கும் இது இதமாத்தான் இருக்கும். இதம் வேற, குணம் வேற இல்லையா.

எனக்கு பயம் என்னன்னா, இடது தோள்ல ஆரம்பிச்சு கை, தாடைன்னு வலி பரவி கூடவே வேர்த்து மூச்சு வாங்குனா அது மாரடைப்பா இருக்கலாம், அந்த நேரத்துல யாராவது படத்தைப் பாத்து சுண்டுவிரலுக்குக் கீழ அமுக்கிட்டு உக்காந்திருந்தா என்ன ஆகுறது? கை மரத்துப்போறது, பிடியில பலம் குறையறது, காய்ச்சலோட கழுத்தை குனிய முடியாம விறைச்சுப்போறது, விழுந்து அடிபட்ட பிறகு வர்ற வலி, இதுக்கெல்லாம் உடனே டாக்டர்கிட்ட போகணும், கவர்மெண்ட் கிளினிக்ல காசும் கேக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, நம்ம தென்னாப்பிரிக்காவுல ரிஃப்ளெக்ஸாலஜியை தொழிலா பண்றவங்க சட்டப்படி, மாற்று வைத்தியம் பண்றவங்களைப் பதிவு பண்ற அலைட் ஹெல்த் ப்ரொஃபெஷன்ஸ் கவுன்சில்ல பதிவு பண்ணிருக்கணும். வீட்டுக்கு வந்து அமுக்கி விடுறேன்னு பணம் கேக்குறவங்ககிட்ட முதல்ல பதிவு நம்பரைக் கேளுங்க, மாத்திரையை நிறுத்துன்னு சொன்னா அவங்களை அனுப்பிடுங்க.

அடுத்த வாரம் அதே படத்தை திரும்பப் போடுங்க ஐயா, குணமாகும்ங்கிற வரியை எடுத்துட்டு அந்த இடத்துல எப்பெல்லாம் டாக்டர்கிட்ட ஓடணும்னு பெரிய எழுத்துல போடுங்க, வயசானவங்க கண்ணாடி இல்லாமலே படிக்கிற மாதிரி.

இப்படிக்கு,
சாட்ஸ்வர்த்லேர்ந்து ஒரு வாசகி