ஆறு பாட்டு என்றால் இருபது நிமிஷம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். குண்டானின் அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கரிந்துபோன சீரகச் சம்பா பிரியாணி. அதற்குக் கீழே, "மாமா, நீங்க சொன்ன மாதிரியே தம்முக்கு ஆறு பாட்டு வச்சேன்" என்று ஒரு வரி, கூடவே அழுகிற பொம்மை. கால் மணி நேரத்தில் உங்கம்மா போன். "பாட்டுக் கணக்கு சொல்லி என் பொண்ணோட அரைக் கிலோ மட்டனைக் கெடுத்துட்டியேடா" என்றாள். நான் வாயே திறக்கவில்லை.

ராத்திரி முழுக்க அதே யோசனை. காலையில்தான் பிடிபட்டது. நீ என்னென்ன பாட்டு வைத்தாய் என்று கேட்டேன் இல்லையா? எல்லாம் உன் பள்ளிக்கூடக் காலத்துப் பாட்டு. ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷம், ஐந்தரை நிமிஷம். ஆறு பாட்டுக்கு அரை மணி நேரம் ஓடிவிட்டது. நான் சொன்ன ஆறு பாட்டுக்கு இருபது நிமிஷம்தான். தப்பு என் மேல்தான். எந்தக் காலத்துப் பாட்டு என்று சொல்லாமல் விட்டுவிட்டேன்.

இந்தக் கணக்கு உன் ஆயாவுடையது, அதாவது எங்கம்மாவுடையது. அவங்களுக்கு மணி பார்க்கத் தெரியாது. கூடத்தில் கடிகாரம் இருந்தது, அது அப்பாவுக்கு. அடுப்படி ஜன்னல் திட்டில் ஒரு ரேடியோ, அது அம்மாவுக்கு. மத்தியானம் இலங்கை வானொலி. வெங்காயம் சிவக்க ரெண்டு பாட்டு, கறி மசாலாவில் பிரள ரெண்டு பாட்டு, தம்முக்கு ஆறு பாட்டு. நேயர் விருப்பத்தில் அறிவிப்பாளர் பெயர்ப் பட்டியல் வாசிப்பார் பார், அந்த நேரம் உப்புப் பார்க்க.

அம்மாவின் அளவு தப்பாததற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்து சினிமாப் பாட்டு இசைத்தட்டில் வந்தது. 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மிஞ்சினால் மூன்றரை நிமிஷம்தான் அடங்கும். அதை மீறினால் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். அதனால் மெட்டுப் போடுகிறவர்கள் அந்த நேரத்துக்குள் பல்லவி, ரெண்டு சரணம் என்று முடித்துக்கொண்டார்கள். தட்டு மாறின பிறகும் ரொம்ப நாள் அந்தப் பழக்கம் போகவில்லை. ஊரில் இருக்கிற படியும் உழக்கும் மாதிரி, பாட்டும் ஒரே அளவாக இருந்தது. அப்புறம் கேசட், சிடி என்று வந்து யாருக்கும் எந்த நெருக்கடியும் இல்லாமல் போனது. உன் குண்டான் கரிந்தது அதனால்தான்.

தோசைக்கல்லை அடியில் வைத்தாயா என்று கேட்க மறந்துவிட்டேன். வைத்திருக்க மாட்டாய். குண்டானை நேராக நெருப்பில் வைத்தால் இருபது நிமிஷம்கூடத் தாங்காது. ஆம்பூரில் விறகைத் தள்ளிவிட்டு, மூடி மேல் தணலைக் கொட்டுவார்கள். கேஸ் அடுப்பில் நமக்குத் தோசைக்கல்தான் கதி. மூடி மேல் தண்ணீர்ச் சொம்பு. காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்துத்தானே போட்டாய்? மிளகாய்த்தூள் போட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதே, இதோடு கடிதத்தை நிறுத்திவிடுவேன்.

சரி, பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளச் செய்த கத்திரிக்காய்க்கு வருகிறேன். அதைத்தான் நீ உருப்படியாகச் செய்திருக்கிறாய், ஆனால் எந்தப் பாட்டுக்குச் செய்தாய் என்று சொல்லவில்லை.

எங்கள் அடுப்படியில் கத்திரிக்காய்க்கு வாணி ஜெயராம்தான். அம்மா போட்ட சட்டம். காரணம் கேட்டால், "நம்மூருக் காய்க்கு நம்மூருக் குரல்" என்பாங்க. வாணி ஜெயராம் 1945-இல் வேலூரில் பிறந்தவர். பம்பாய்க்குப் போய், 1971-இல் இந்திப் படத்தில் பாடிப் பெயர் வாங்கி, அப்புறம்தான் தமிழில் பாட வந்தார். தேசிய விருது மூன்று தடவை. ரேடியோவில் அவர் பெயரைச் சொன்னதும் அம்மா ஈரக் கையோடு வந்து சத்தத்தைத் திருகுவாங்க. அந்தத் திருகு குமிழில் எப்போதும் மஞ்சள் கறை இருக்கும்.

2023 பிப்ரவரி 4, சனிக்கிழமை. நேதாஜி மார்க்கெட்டிலிருந்து அரைக் கிலோ முள்ளுக் கத்திரிக்காயோடு வந்து உட்காருகிறேன், டிவியில் அவர் போய்விட்டார் என்று ஓடுகிறது. பத்மபூஷண் அறிவித்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது, கையில் வாங்கவே இல்லை. அன்றைக்குக் காயை நாலாகக் கீறும்போது காம்பு முள் கட்டைவிரலில் ஏறியதுகூடத் தெரியவில்லை. அந்த மாதமே நம் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பேப்பரில் வந்தது. அம்மா இருந்திருந்தால் ரெண்டையும் சேர்த்து ஏதாவது ஒன்று சொல்லியிருப்பாங்க.

அம்மா சொன்ன காரணம் ஊர்ப் பாசம். எனக்குப் பிடிபட்ட காரணம் வேறு. கத்திரிக்காயைக் கடலை எண்ணெயில் தோல் சுருங்க வதக்கி எடுத்து வைக்கிறோம், ஒரு பாட்டு. வெங்காயம், தக்காளி வதக்கி, வறுத்த மல்லாட்டையும் (வேர்க்கடலை) எள்ளும் தனியாவும் மிளகாயும் அரைத்த விழுதைப் போட்டு, புளியைக் கரைத்து ஊற்றி, காயைத் திரும்ப இறக்கிவிட்டால் அதற்குப் பிறகு கண்ணுக்கு வேலை இல்லை, காதுக்குத்தான். முதலில் தளதளவென்று கொதிக்கும். தண்ணீர் வற்ற வற்றப் பொதக், பொதக் என்று கனத்துப் பேசும். எண்ணெய் பிரிகிற நேரத்தில் சிடுசிடுவென்று மெல்லிய சத்தம் ஒன்று வரும். அந்தச் சத்தம் வந்ததும் அணைக்க வேண்டும், கொஞ்சம் விட்டால் மல்லாட்டை அடிபிடிக்கும். டமார் டமார் என்று அடிக்கிற பாட்டைப் போட்டால் அது கேட்குமா? வாணி ஜெயராம் குரல் ஊசி மாதிரி நேராகப் போகும், பக்கத்தில் சட்டி பேசுகிறதை மறைக்காது. மூன்றாவது பாட்டின் ரெண்டாம் சரணத்தில் சிடுசிடுப்பு வரும். நீயே பார்.

களிக்கு இது ஆகாது. கேவுரு (கேழ்வரகு) களிக்குத் தெருக்கூத்துப் பாட்டுதான். நொய் வெந்த தண்ணீரில் மாவைக் குவித்துக் கொட்டி, மூடி, மாவைப் பிளந்துகொண்டு ஆவி வந்ததும் இறக்கி, ஈரத்துணி சுற்றின சட்டியை ரெண்டு பாதத்துக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு துடுப்பால் கிண்ட வேண்டும். இடுப்பு விட்டுப்போகும். அப்போது மத்தளமும் தாளமும் முகவீணையும் ஓடினால் கை தானாகப் போகும். செய்யாறு பக்கம் புரிசைக் கூத்து கேட்டிருக்கிறாயா? கூத்து வாத்தியார் கண்ணப்பத் தம்பிரான் ஊர். 1989-இல் வடாற்காட்டைப் பிரித்தபோது அது திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டது. மாவட்டத்தைப் பிரித்தவர்களுக்குக் களியைப் பற்றி என்ன தெரியும், எனக்கு அது இன்னமும் நம் கூத்துதான். கூத்தில் வருகிற கோமாளி, கட்டியக்காரன், பேச ஆரம்பித்தால் மட்டும் துடுப்பு நின்றுவிடும். சிரித்துக்கொண்டே கிண்டினால் கட்டி தட்டும்.

நானும் கரியவிட்டவன்தான், உங்கம்மாவிடம் சொல்லாதே. ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரத்தில் தோடி. இசைத்தட்டில் வந்த பழைய வாசிப்பு, போனில் கிடைத்தது. சேமியாப் பாயசத்துக்குப் பால் வைத்துவிட்டு, ஒரு ராகம் ஓடட்டும் என்று போட்டேன். ஆலாபனைக்குப் பல்லவி உண்டா, சரணம் உண்டா, எங்கே எண்ணுவது? கண்ணை மூடி நின்றேன். பால் பொங்கி, வழிந்து, அடுப்பு அணைந்து, கேஸ் வாடை வந்தபோதுதான் கண்ணைத் திறந்தேன். உன் அத்தை டூட்டி முடிந்து வந்து மேடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து தோடியைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேட்கிறேன்.

உனக்குப் பிடித்த பாட்டை விட்டுவிட்டு என் பாட்டைக் கேள் என்று சொல்லவில்லை. உன் பாட்டுக்கு நீயே ஒரு அளவு பிடி. ஐந்து நிமிஷப் பாட்டென்றால் தம்முக்கு நாலு போதும். நடுவில் விளம்பரம் வந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதே, உப்புப் பார்த்துக்கொள்.

அடுத்த வாரம் ஊருக்கு வருகிறாய் இல்லையா, குண்டானையும் எடுத்துக்கொண்டு வா. காட்பாடி ஸ்டேஷனில் வந்து நிற்கிறேன். கம்பி நாரைப் போட்டுச் சுரண்டாதே, அலுமினியம் வீணாகும். பழைய புளியைக் கரைத்து ஊற்றி ஒரு கொதி விட்டு, ராத்திரி அப்படியே ஊறப் போடு. காலையில் கரண்டியால் நெம்பினால் பொருக்கு மாதிரி பெயர்ந்து வரும். வராவிட்டால் இன்னொரு ராத்திரி. அதற்குப் பாட்டுக் கணக்கு கிடையாது.

இப்படிக்கு,
மாமா
வேலூர்